அம்மி ஒருவரிடம்! குழவி ஒருவரிடம்!
விண்வெளியில் நடந்த வினோதச் சிக்கல்

ஒரு வீட்டில் ஒரே அம்மி, ஒரே குழவி. மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் மசாலா அரைக்க வந்தார்கள். மாமியார் அம்மியைப் பிடித்துக்கொண்டார். மருமகள் குழவியை எடுத்துக்கொண்டாள்.

"குழவியைக் கொடு!" என்று இவர் காத்திருக்கிறார். "அம்மியை விடுங்கள், அத்தை!" என்று அவள் காத்திருக்கிறாள். அன்று குழம்பு கொதிக்குமா?

கம்ப்யூட்டருக்குள்ளும் இந்தக் கதை உண்டு. அங்கே ஒரே நேரத்தில் பல வேலைக்காரர்கள். அவர்கள் ஆட்கள் அல்ல, புரோகிராம்கள். வேலையோ நிறைய, காமிரா, என்ஜின், மின்சாரம் எல்லாம் கொஞ்சம்.

1998 அக்டோபர் 24-ந் தேதி அமெரிக்காவின் நாசா "டீப் ஸ்பேஸ் 1" என்ற விண்கலத்தை ஏவியது. அதைத் தானாக ஓட்டிப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினார்கள். அதில் ஒரு பகுதி திட்டம் போடும். ஒன்று அதை நிறைவேற்றும். ஒன்று கோளாறைக் கண்டுபிடிக்கும்.

பூமியில் ஓட்டிப் பார்த்தால் போதாதா? போதாது! ஆயிரம் முறை சரியாக ஓடி, அடுத்த முறை சிக்கிக்கொள்ளலாம். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பதில்தான் வம்பு.

ஆகவே, 1997-ல் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் "ஸ்பின்" என்ற சோதனைக் கருவியைக் கொண்டுவந்தார்கள். யார் முன்னே, யார் பின்னே என்று எத்தனை விதமாக நடக்கலாமோ, அத்தனையையும் அது ஒன்று விடாமல் நடத்திப் பார்க்கும். முழுப் புரோகிராமையும் கொடுத்தால் கணக்கு மலைபோல் பெருகிவிடும். கருவிக்கும் நினைவு இடம் கொஞ்சம்தானே! அதனால் ஒரு பகுதியை மட்டும் சிறிய மாதிரியாகச் செய்து கொடுத்தார்கள். 5 தவறுகள் அகப்பட்டன!

1999 மே 17-ந் தேதி விண்வெளியில் சோதனை தொடங்கியது. மறுநாள் என்ஜின் நிற்கவேண்டிய நேரம் வந்தது. நிற்கவில்லை! கலமோ சுமார் 10 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்.

என்ன நடந்தது? மணி அடித்ததா என்று ஒருவன் பார்க்கிறான். இல்லை. "அடித்தால் எழுந்திருப்போம்" என்று படுக்கப் போகிறான். தலை சாய்க்குமுன் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. அடிக்காத மணிக்காக அவன் காத்தே கிடக்கிறான். இப்படித்தான் இரண்டு வேலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து முடங்கிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1997-ல் அகப்பட்ட ஐந்தில் ஒன்றும் இதே மாதிரித் தவறுதான்! இது ஒளிந்திருந்ததோ, ஸ்பின் பார்க்காத வேறு பகுதியில்.

விஞ்ஞானிகள் சோதனையை நிறுத்திக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் தவறைத் திருத்தவில்லை. மறுபடி வருவது அபூர்வம் என்று, அதே புரோகிராமை மே 21-ந் தேதி மீண்டும் ஓட்டினார்கள். துணிச்சல்தான்! அன்று அந்தச் சிக்கல் வரவில்லை. பாக்கியிருந்த சோதனைகள் அத்தனையும் முடிந்தன.