காத்துதான் ரிப்பேர் ஸார்!

கல்யாணத்தின்போது மாமனார் எனக்கு ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார். 'அதெல்லாம் வேண்டாம் மாமா' என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டேன். அதன் பலன் எட்டு வருஷம் கழித்துக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் குரோம்பேட்டை வீட்டின் கொல்லைப்புறத்துக்கு என்னை அழைத்துப் போனார். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். பழைய சைக்கிள், உடைந்த ஆட்டுக்கல், தேங்காய் மட்டைக் குவியல். நடுவே தார்ப்பாய் போர்த்திய ஒரு மேடு. தார்ப்பாயை இழுத்தார்.

"மாப்ளே, இதை நீங்க எடுத்துக்குங்க. ஓட்ட முடிஞ்சா ஓட்டுங்க. இல்லேன்னா வித்துடுங்க. என் கண்ணு முன்னாடி மட்டும் விக்க வேணாம்."

1966-ம் வருஷத்து வோக்ஸ்வேகன் பீட்டில். பார்த்தவுடன் குழந்தைகூட 'ஆமை' என்று சொல்லிவிடும்.

மாமா அதை வாங்கியது 1974-ல். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால் ஷோரூமில் போய் நிற்க முடியாது. தூதரகக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப் போகிற கார்களை எஸ்.டி.சி. என்ற அரசாங்க வர்த்தக நிறுவனம் விற்கும். அப்படி ஒருவர் எடுத்து, கை மாறி, மாமாவிடம் வந்தது. விலை 20,000 ரூபாய். நான் பி.காம். எதைப் பார்த்தாலும் தேய்மானம் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவிகிதம் கழிப்பார்கள். ஐம்பது வருஷம் அப்படியே கழித்துக்கொண்டு வந்தால், புத்தகத்தில் அந்தக் காரின் மதிப்பு ஆறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு டீக்குப் பற்றாது. இதை மாமாவிடம் சொல்லவில்லை.

2003-ல் மாமாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். அவர் படுக்கையில் இருந்த சமயம், காரை ஏதோ ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டு எஞ்சினை இறக்கி வேலை பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்ததிலிருந்து பத்து கிலோ மீட்டர் போனாலே அனல் கக்கியதாம். 'எனக்கும் வயசாச்சு, அதுக்கும் வயசாச்சு' என்று 2004-ல் ஷெட்டில் விட்டவர்தான்.

எனக்குத் தெரிந்த இளம் மெக்கானிக் ஒருவரும் நானும் சேர்ந்து மூன்று வாரம் மல்லாடினோம். 6 வோல்ட் பாட்டரி. கார்புரேட்டருக்குள் குளவிக் கூடு. ஒரு நாள் சாயங்காலம், தட தடவென்று கிளம்பிவிட்டது பாருங்கள்! தெருவே கூடிவிட்டது. முன்பக்கம் திறந்தால் பெட்ரோல் டாங்க், பின்பக்கம் திறந்தால் எஞ்சின். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற காற்று ஸ்டெப்னி டயரிலிருந்து வருகிறது. சத்தியமாகத்தான். கண்ணாடியை அடிக்கடி கழுவினால் ஸ்டெப்னியில் காற்று குறையும்.

தலைகால் புரியாமல் அடுத்த வாரமே மனைவியைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பினேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு 'டணார்'. அப்புறம் தகர டப்பாவில் கோலிக் குண்டு போட்டுக் குலுக்குகிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

ரோட்டோரப் புளியமரத்தடியில் மனைவி நிதானமாகக் கேட்டாள். "அப்பா ஸ்கூட்டர் தரேன்னாரே, ஏன் வேணாம்னீங்க?"

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு தலை ஒடிந்து உள்ளே விழுந்து, பிஸ்டனில் ஓட்டை போட்டிருந்தது. இளம் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஸார், பேசாம ஆல்டோ எஞ்சின் ஒண்ணைத் தூக்கி வெச்சிடலாம். ரேடியேட்டரை முன்னாடி மாட்டி பைப் இழுத்துட்டா முடிஞ்சுது."

மாமாவிடம் சொன்னேன். "பேஷா வைக்கலாம். அப்படியே என் தலையை எடுத்துட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் தலையையும் வெச்சிடுங்க" என்றார்.

இதற்கிடையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றிலிருந்து ஆள் வந்தார். மூன்று லட்சம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கூரையை அறுத்து ஜூஸ் கவுன்ட்டர் செய்யப் போகிறார்களாம். மனைவி பாங்க்கில் வேலை பார்ப்பவள். மூன்று லட்சம் என்றால் பெண்ணுக்கு எத்தனை டெர்ம் ஃபீஸ் என்று மனசுக்குள் வகுத்தாள். மறைப்பானேன், நானும் வகுத்தேன். ஒரு மாதம் டயம் கேட்டோம். அந்த ஒரு மாதத்தில் கார் ஓடினால் நமக்கு, இல்லாவிட்டால் ஜூஸுக்கு.

புதுப்பேட்டைக்குப் போனேன். எழும்பூர் பக்கம், கூவம் கரையோரம், கார்கள் உயிரை விட்டு உறுப்பு தானம் செய்கிற இடம். ஒரு கடையில் கதவு மட்டும், ஒரு கடையில் கியர் பாக்ஸ் மட்டும், ஒரு கடையில் ஹெட்லைட் கண்களாக மாலை கட்டித் தொங்கும். 'பீட்டில் சிலிண்டர் ஹெட்' என்றதும் ஒரு கடைக்காரர் என்னை அனுதாபத்துடன் பார்த்தார்.

"ரேடியேட்டர் சைஸ் என்ன ஸார்?"

"அதுக்கு ரேடியேட்டரே கிடையாது பாய்."

"ரேடியேட்டர் இல்லாத காரா? யாரோ உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க."

ஆனால் அதே பாய்தான் டீ வாங்கிக் கொடுத்து, ராயப்பேட்டையில் இருக்கும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். எழுபதுகளில் இந்த ரகக் கார்களோடு புழங்கியவராம். இப்போது கை நடுக்கம், வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. ஆட்டோ வைத்துக் குரோம்பேட்டைக்கு அழைத்து வந்தேன்.

பெரியவர் ஷெட்டில் கிடந்த எஞ்சினைச் சுற்றி ஒரு வலம் வந்தார். ஒடிந்த வால்வைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதோட பாவாடை எங்கே?"

"எது?"

"சுத்திவர தகரம் இருக்கணுமே... முன்பக்கம் பெரிசா ஒண்ணு, சிலிண்டருக்கு அடியில ரெண்டு. ஒண்ணுத்தையும் காணோமே. எஞ்சினை ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்கீங்களே, எஞ்சின் நல்ல எஞ்சின். காத்துதான் ரிப்பேர் ஸார்!"

கொஞ்சம் விளக்குகிறேன். ஃபெர்டினாண்ட் போர்ஷே இந்தக் காரை முப்பதுகளில் வடிவமைத்தபோது தண்ணீரே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஜெர்மனியின் குளிரில், கராஜ் இல்லாதவன் காரைத் தெருவில் விட்டால் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடித்துவிடும். காற்று உறையாது, ஒழுகாது, காசும் கிடையாது. ஆகவே ஒரு ஃபேன். டைனமோவின் ஷாஃப்டிலேயே அந்த ஃபேனை மாட்டி, இரண்டையும் ஒரே பெல்ட்டில் ஓட்டினார். பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அதைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். 'சார்ஜ்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டினால் எஞ்சின் காலி.

சரி, இதில் தகரத்துக்கு என்ன வேலை? பாட்டி விறகடுப்பு ஊதினதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் வாயால் ஊதினால் சாம்பல்தான் பறக்கும். ஊதாங்குழல் இருந்தால் காற்று நெருப்புக்கு நேராகப் போகும். பீட்டிலில் ஃபேன்தான் வாய், தகரம்தான் ஊதாங்குழல். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரங்கள் வழியாக வரும் காற்றை ஃபேன் இழுத்து, சிலிண்டர்களின் மேல் தள்ளுகிறது. சிலிண்டருக்கு அடியில் இருக்கும் இரண்டு தகடுகள் அந்தக் காற்றை வளைத்து அடிப்பாகத்தையும் தடவிப் போகச் செய்கின்றன. சூடான காற்று கீழே இறங்கிப் போய்விட வேண்டும். மறுபடி மேலே வராமல் தடுப்பது முன்பக்கத்துப் பெரிய தகரமும், எஞ்சின் அறையைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையும். அவை இல்லாவிட்டால் ஃபேன் தான் விட்ட அனல் மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது சிலிண்டர் ஏன் முதலில் போயிற்று என்பதற்கும் பெரியவரிடம் பதில் இருந்தது. அந்தக் கால மாடல்களில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்குப் போகிற காற்றின் வழியில் நிற்கிறது. ஆயிலைக் குளிர வைத்துச் சூடாகிவிட்ட காற்றுதான் அதற்குக் கிடைக்கும். கூட்டுக் குடும்பத்தில் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற மருமகள் மாதிரி. எழுபதுகளின் தொடக்கத்தில் கூலரைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கம்பெனியே இதைச் சரி செய்தது. நம்முடையது 66.

ஆக, இருபது வருஷத்துக்கு முன் எஞ்சினை இறக்கிய புண்ணியவான், 'இதெல்லாம் எதுக்கு, சும்மா கடகடன்னு சத்தம் போடுது' என்று சில தகரங்களைத் திரும்ப மாட்டாமல், ஒரு கோணியில் கட்டி வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காருக்கு வயசாகவில்லை. மூச்சு முட்டியிருக்கிறது. மாமா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

"அத்தை, அந்தக் கோணி எங்கே?"

"அது போச்சே, எப்பவோ பழைய இரும்புக்காரனுக்குப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு" என்றார் மாமியார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு மட்டும் அகலமா நல்லா இருந்துதுன்னு எடுத்து வெச்சேன்..."

கிணற்றடியில் தண்ணீர் மோட்டார். அதன் மேல் மழைக்குக் குடை மாதிரி கவிழ்த்து, செங்கல் வைத்து... முன்பக்கத்துப் பெரிய தகரம்! துரு இருந்தது, ஓட்டை இல்லை. ஜெர்மன் தகடு இருபது வருஷம் குரோம்பேட்டை மழையைத் தாங்கியிருக்கிறது.

மற்ற இரண்டும்தான் படுத்தின. புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் தகடு சன்னம், துவாரம் ஒத்துப்போகாது என்று வாங்கிச் சூடுபட்டவர்கள் எச்சரித்தார்கள். பாண்டிச்சேரியில் பீட்டில் வைத்திருக்கும் ஒருவர், முன்பின் தெரியாத எனக்காகத் தன் எஞ்சினை இறக்கி, தகடுகளை மாதிரிக்குக் கடன் கொடுத்தார். நான்கு போல்ட்டுகளையும் சில ஒயர், கேபிள், குழாயையும் கழற்றினால் எஞ்சின் இறங்கிவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும் எனக்குப் பக்கத்து வீட்டில் ஏணி கடன் கேட்கவே கூச்சம். பல்லாவரத்தில் ஒரு டிங்கர், கடன் வாங்கிய தகட்டை அட்டையில் வரைந்து, வெட்டி, தட்டித் தட்டி அச்சு அசலாக இரண்டு செய்து கொடுத்தார். ஒருநாள் கூலி வாங்கிக்கொண்டார்.

பிஸ்டன் கதை வேறு தினுசு. இந்தக் கார் ஜெர்மனியோடு நிற்கவில்லை. யுத்தத்தில் குண்டு விழுந்த தொழிற்சாலையை 1945-ல் ஐவன் ஹிர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் மேஜர் மறுபடி ஓட வைத்தார். 1972 பிப்ரவரி 17-ம் தேதி 1,50,07,034-வது கார் வெளியே வந்தபோது ஃபோர்டின் 'மாடல் டி' சாதனை உடைந்தது. கடைசிக் கார் மெக்ஸிகோவின் பியூப்லாவில் 2003 ஜூலை 30-ம் தேதி வந்தது. மொத்தம் 2,15,29,464. இதே காற்று எஞ்சின் பிரேஸிலில் கோம்பி வேனில் 2005 வரை ஓடியது. ஆகவே பாகங்கள் கிடைக்கின்றன, நம் மாடலுக்குத்தான் கிராக்கி. கடைசிவரை தயாரானது 1600 சி.சி. அதன் பிஸ்டன் 85.5 மில்லி மீட்டர், எங்கே கேட்டாலும் உண்டு. எங்கள் 1300-க்கு 77. கேட்ட இடமெல்லாம், 'பெரிசா போட்டுக்குங்களேன் ஸார், பவர் ஜாஸ்தி' என்றார்கள், ஏதோ செருப்பு சைஸ் மாதிரி. கடைசியில் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தேன். ஓட்டை விழுந்தது ஒரே பிஸ்டன். ஆனால் எடை சமமாக இருக்க வேண்டும் என்பதால் நான்கும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். கஸ்டம்ஸ் வரி சேர்த்துக் கணக்கு எழுதும்போது பேனா கொஞ்சம் நடுங்கியது. சிலிண்டர் ஹெட்? அதே புதுப்பேட்டை பாய், மூன்றாவது வாரம் போன் செய்தார். "ரேடியேட்டர் இல்லாத ஸார்தானே? உங்க சாமான் ஒண்ணு மாட்டியிருக்கு." மாட்டியேவிட்டது!

ஆல்டோ எஞ்சின் யோசனையைக் கேட்காததில் ஒரு லாபம் உண்டு. ஐம்பது வயது தாண்டி, அசல் உருவத்தில் இருக்கும் வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக் கூடாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு மட்டும். காய்கறி வாங்கப் போக முடியாத கௌரவம் எங்களுக்கு வேண்டாமென்று சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொண்டோம். அதற்காக நடந்த நடை தனிக் கட்டுரை.

இருபத்தெட்டாவது நாள் எஞ்சின் ஏறியது. மறுநாள் காலை மாமாவை முன் சீட்டில் உட்கார வைத்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயில் வரை ஓட்டினேன். வழியெல்லாம் அவர் வேடிக்கை பார்க்கவில்லை. காது மட்டும் பின்பக்கம் இருந்தது. கோயில் திருப்பத்தில், "நிறுத்துங்க மாப்ளே" என்றார். இறங்கி, பின் மூடியைத் திறந்து, ஆயில் அளக்கிற கம்பியை உருவினார். நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். விரலால் பிடிக்க முடிந்தால் ஆயில் அளவான சூட்டில் இருக்கிறது என்று அர்த்தமாம். பழைய ஆட்களின் தெர்மாமீட்டர்.

பிடித்தபடியே நின்றார். நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து வரை எண்ணியும் விரலை எடுக்கவில்லை.

"ஒரு காபி சாப்பிடலாமா?" என்றார். குரல் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ரிசார்ட்காரருக்கு அன்றே போன் செய்து சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மாமியார் கிணற்றடியிலிருந்து குரல் கொடுத்தார். "மாப்ளே, காரெல்லாம் சரி. மழைக்காலம் வருது, என் மோட்டார் மூடிக்கு என்ன வழி?"

ஹார்ட்வேர் கடையில் பிளாஸ்டிக் மூடி, 350 ரூபாய். கார் செலவுக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.