"சி" என்றால் சுடுதண்ணீர்!
இத்தாலி ஓட்டலில் அறை எடுக்கச் சில சொற்கள்

ரோம் நகரத்தில் ஒரு பழைய ஓட்டல். இரவு நேரம். நெடுந்தூரப் பிரயாணம் செய்து வந்தவர் முகம் கழுவப் போகிறார். அங்கே இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்றில் "சி" என்ற எழுத்து. இன்னொன்றில் "எப்" என்ற எழுத்து.

இங்கிலீஷ் தெரிந்தவர் என்ன நினைப்பார்? "சி" என்றால் "கோல்ட்", அதாவது குளிர்ந்த தண்ணீர் என்று நினைப்பார். குழாயைத் திருகிக் கையை நீட்டுவார். ஐயோ! கை வெந்து போகும்!

இத்தாலி பாஷையில் "கால்தோ" என்றால் சூடு. அதன் முதல் எழுத்துத்தான் "சி". குளிர்ச்சிக்கு "பிரெத்தோ" என்று பெயர். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த இரண்டு சொற்களையாவது மனப்பாடம் செய்வது நல்லது.

பெரிய ஓட்டல்களில் இங்கிலீஷ் பேசுவார்கள். சிறிய ஊர்களில் அதை நம்பிப் போக முடியாது.

உள்ளே போனதும் பகலானால் "புவோன் ஜோர்னோ", மாலையானால் "புவோனா சேரா" என்று வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதை அல்ல. பிறகு, "அவேத்தே ஊனா காமெரா?" என்று கேட்கலாம். "அறை இருக்கிறதா?" என்பது பொருள். "காமெரா" என்றால் அறை. படம் பிடிக்கும் கேமராவுக்கும் "இருட்டறை" என்ற லத்தீன் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது.

முன்பே அறை பிடித்திருந்தால், "ஓ ஊனா பிரெனொதாட்ஸியோனே" என்றால் போதும்.

கட்டில் விஷயத்தில் கவனம் வேண்டும். "மாத்ரிமோனியாலே" என்றால் தம்பதிகளுக்கான ஒரே பெரிய கட்டில். அப்பாவும் வளர்ந்த மகனும் போனால், "தூயே லெத்தி" என்று சொல்ல வேண்டும். இரண்டு தனிக் கட்டில்கள் கிடைக்கும்.

சிப்பந்தி "பாஸ்ஸபோர்தோ" என்று கையை நீட்டுவார். பாஸ்போர்ட்டைக் கேட்கிறார். கோபப்பட வேண்டாம். தங்குகிறவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பது ஓட்டல்காரர் கடமை. 1931-ம் ஆண்டுச் சட்டம் அது!

"குவான்தோ கோஸ்தா பெர் நோத்தே?" என்றால், "ஒரு இரவுக்கு எவ்வளவு?" என்று பொருள். சொன்ன வாடகையோடு செலவு முடிந்தது என்று எண்ணி விடக்கூடாது. "தாஸ்ஸா தி சொஜ்ஜோர்னோ" என்ற தங்கல் வரி தனி. ரோமில் 2011-ம் ஆண்டு வந்த வரி இது. 2023-ல் உயர்த்தியபோது, மூன்று நட்சத்திர ஓட்டலில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ என்று வைத்தார்கள். கணவனும் மனைவியும் மூன்று இரவு தங்கினால் 36 யூரோ! சிறு குழந்தைகளுக்கு வரி இல்லை. ஊருக்கு ஊர் தொகை மாறும். வாடகை கேட்கும்போதே இதையும் கேட்டு விட வேண்டும்.

சாவியைக் கொடுக்கும்போது சிப்பந்தி, "செத்தே" என்று சொன்னால் திடுக்கிட வேண்டாம். அறையின் எண் ஏழு. அவ்வளவுதான்!

குளியல் அறையில் ஒரு கயிறு தொங்கும். விளக்குக் கயிறு என்று இழுத்தால் விளக்கு எரியாது. ஆபத்து மணி அடிக்கும். வழுக்கி விழுந்தவர்கள் உதவிக்கு அழைக்கும் கயிறு அது. ஓட்டல் ஆட்கள் ஓடி வருவார்கள். அப்போது சொல்ல வேண்டியது, "ஸ்கூசி". "மன்னியுங்கள்" என்று பொருள்.