பெகோனியா இலை ஏன் ஒட்டுகிறது?

உதகையிலோ குன்னூரிலோ ஒரு வீட்டு வாசலைப் பாருங்கள். தகர டப்பாவிலாவது ஒரு பெகோனியாச் செடி இருக்கும். நிழலும் குளிர்ச்சியும் ஈரக்காற்றும் விரும்பும் இச்செடிக்கு நீலகிரி ஏற்ற இடம்.

ஒருநாள் அதன் இலையைத் தொட்டால் விரலில் பசைபோல ஒட்டுகிறது. பனித்துளியாக இருக்குமோ? பனி காய்ந்தால் பிசுக்கு இராது. இலை தானே கசிகிறதோ? ஒரு சிறு சோதனை செய்வோம். பிசுக்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் செடியின் அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வையுங்கள். இரண்டொரு நாளில் தாளின்மேல் பளபளக்கும் சிறு புள்ளிகள் தெரிந்தால், மேலிருந்து ஏதோ சொட்டுகிறது என்று பொருள்.

சொட்டுவது சாறு உறிஞ்சும் பூச்சிகளின் கழிவு! செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்குத் தேவையான நைட்ரஜன் சத்தோ குறைவு. அச்சத்துப் போதிய அளவு கிடைக்கப் பூச்சி ஏராளமாகச் சாற்றைக் குடிக்க வேண்டும். மிஞ்சிய சர்க்கரை நீரைத் தேன் போன்ற துளிகளாக வெளியேற்றிவிடுகிறது. இதைத் தேடி எறும்புகள் வருகின்றன. இதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து கரிபூசியதுபோல் படர்கிறது. இலைக்கு ஒளி குறைகிறது. உணவு தயாரிப்பும் குறைகிறது.

குற்றவாளி யார்? ஒரு கைலென்சை எடுத்துக்கொண்டு இலையின் அடிப்புறம், காம்பு சேருமிடம், இளந்தளிர் ஆகியவற்றை ஆராயுங்கள். பஞ்சுத்துணுக்கு போலிருந்தால் மாவுப்பூச்சி. நரம்பையும் தண்டையும் ஒட்டிப் பழுப்புநிறச் செதில்கள் இருந்தால் செதிற்பூச்சி. தளிரில் கூட்டமாக மொய்ப்பது அசுவினி. செடியை அசைத்ததும் வெண்ணிறமாகப் பறப்பது வெள்ளை ஈ. இலைமேல் வெண்பொடி மட்டும் படிந்து பிசுக்கே இல்லையென்றால் அது பூச்சியன்று; சாம்பல் நோய் என்னும் பூசணம். செடியில் ஒன்றுமே காணவில்லையா? தலையை நிமிர்த்துங்கள். மேலே தொங்கும் வேறொரு செடியிலிருந்தும் துளி விழலாம்!

இனி மருத்துவம். நோயுற்ற தொட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். மிகவும் கெட்ட இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள். மாவுப்பூச்சிகளை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுக்கலாம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுமாதலால் பெரியவர்கள் உடனிருக்கட்டும். செதில்களை ஈரப்பஞ்சால் மெல்லத் தேய்த்து நீக்கலாம். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சோப்பைக் கலந்து இலையின் அடிப்புறத்தில் தெளிக்கலாம். சலவைத்தூள் வேண்டாம். பெகோனியா இலை மென்மையானது. ஆகவே எதையும் முதலில் ஓர் இலையில் சோதித்து, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். மாலையில் தெளித்து, சிறிது நேரத்தில் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். முட்டைகள் தப்பிப் பிழைக்கும். ஆகையால் வாரம் ஒருமுறையாக மூன்று வாரமாவது இதைச் செய்யவேண்டும்.

கடையில் ஒரு கொடிய நஞ்சை வாங்கித் தெளித்தால் வேலை எளிதாக முடியாதா? இதற்கு நீலகிரியின் வரலாறே விடை கூறுகிறது.

1920களின் இறுதியில் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஒரு செதிற்பூச்சி நீலகிரியின் வாட்டில் மரங்களைத் தாக்கியது. பஞ்சு மெத்தை போன்ற முட்டைப்பையைச் சுமக்கும் இதன் பெயர் ஐசீரியா. இதுவும் பிசுக்கையும் கரும்பூசணத்தையும் உண்டாக்குவதே. இதே பூச்சி முன்னரே கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றிருந்தது. 1888இல் ஆல்பர்ட் கோபெல் என்பவர் ஆஸ்திரேலியா சென்று, இதன் இயற்கைப் பகைவனாகிய வெடாலியா என்னும் சிவப்புப் பொறிவண்டை அனுப்பிவைத்தார். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன. அதே வண்டு வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீலகிரியிலும் விடப்பட்டது. இங்கும் ஐசீரியா அடங்கியது.

கதை இத்துடன் முடியவில்லை. 1940களின் பிற்பகுதியில் கலிபோர்னியத் தோட்டங்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. வெடாலியா வண்டுகள் மடிந்தன. அடங்கியிருந்த ஐசீரியா மீண்டும் பெருகியது. நஞ்சுக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது!

நமக்கும் இந்தத் தவறு நேரலாம். 1898இல் காப்பிச் செடியின் பச்சைச் செதிற்பூச்சியை ஒழிக்க, கிரிப்டோலீமஸ் என்னும் மற்றொரு பொறிவண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த வேலையில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் மாவுப்பூச்சிகளைத் தின்று இங்கேயே நிலைத்துவிட்டது. இதன் புழுவின் உடலிலும் வெள்ளை மெழுகு இழைகள் தொங்கும். பார்வைக்குப் பெரிய மாவுப்பூச்சியே! புல்நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழுவாக இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சியோ மிக மெதுவாகவே நகரும்.

எறும்புகளையும் கவனியுங்கள். இனிப்புத் துளிக்காக அவை பொறிவண்டுகளை விரட்டிப் பூச்சிகளைக் காவல் காக்கும். தொட்டியை நீர் நிறைந்த தட்டின் நடுவில், ஒரு கல்லின்மேல் வைத்தால் எறும்பு ஏறாது.

அடுத்தமுறை இலை விரலில் ஒட்டினால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். முதலில் லென்சைத் தேடுங்கள்.