தையல்காரர் சூப்பர் ஹீரோ ஆன கதை!

அயர்ன் மேனுக்குக் கவசம் செய்ய ஒரு ஆய்வுக்கூடமே வேண்டும். நம்ம ஜெய்சனுக்கு ஒரு தையல் மெஷின் போதும்! ‘மின்னல் முரளி’ என்ற மலையாளப் படத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாட இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். குறுக்கன்மூலா என்ற ஊரில் துணி தைப்பவன், மின்னல் தாக்கி மாவீரன் ஆகிறான். முதல் அவதாரத்தில் ஏது சூட்? முகத்தில் துணியைச் சுற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போலீஸ்காரர்களையே புரட்டி எடுக்கிறான் பாருங்கள், அடடா!

கேமராவுக்குப் பின்னால் நடந்தது இன்னும் ஜோர். ஜெய்சனின் ஒரே கனவு அமெரிக்கா போவது. அந்த ஜெய்சனாக நடித்த டொவினோ தாமஸுக்குச் சண்டைக் காட்சிகள் அமைக்க அமெரிக்காவிலிருந்தே வந்து இறங்கினார் விளாட் ரிம்பர்க்! வந்தவர் அமைத்ததோ, தடுக்கி விழுந்து எழுந்து அடிக்கும் நம்மூர்ச் சண்டை. இயக்குநர் பேசில் ஜோசப் வயநாட்டுக்காரர். ‘கோதா’வில் டொவினோவை மல்யுத்தக் களத்தில் இறக்கியவரும் அவர்தான்.

வில்லன் யார் தெரியுமா? நம்ம மதுரைக்காரர் குரு சோமசுந்தரம்! கூத்துப்பட்டறையில் தேர்ந்தவர், ‘ஜோக்கர்’ படத்தில் நம்மை உலுக்கியவர். டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபுவாக நடிக்க மலையாளமே கற்றுக்கொண்டார். அதே மின்னல்தான் அவனையும் தாக்குகிறது. காதலிக்காக ஆண்டாண்டாய்க் காத்திருந்தவன் அழுதபடியே சிரிக்கும் அந்த ஒரு குளோசப் போதும். வில்லன் என்பதே மறந்து நாமும் கலங்கிவிடுவோம்.

சோதனையும் வராமல் இல்லை. காலடியில் பெரியாற்றங்கரையில் ஆசை ஆசையாக எழுப்பிய தேவாலய செட்டை, 2020 மே மாதம் ஊரடங்கு நேரத்தில் ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. படக்குழு துவண்டுவிடவில்லை. தொற்றுக் காலத்தையும் தாண்டிப் படத்தை முடித்து, 2021 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நெட்ஃப்ளிக்ஸில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஹாலிவுட் அளவுக்குச் செலவழிக்கக் கையில் காசில்லை. அதனால் மனிதர்களை நம்பினார்கள். மாமனுக்கு என்னென்ன சக்தி வந்திருக்கிறது என்று கூடவே நின்று சோதித்துப் பார்க்கும் அக்கா மகன் ஜோஸ்மோன், கராத்தே சொல்லித்தரும் ‘புரூஸ் லீ’ பிஜி என்று ஒவ்வொருவரும் நம் தெருவில் பார்த்த முகங்கள். இவர்கள் நடுவிலிருந்து ஒருவன் பாய்ந்து வரும்போது விசிலடிக்காமல் இருக்க முடியுமா? வீட்டுக் குட்டிகளையும் கூட்டி உட்காரவைத்துப் பாருங்கள். படம் முடிந்ததும் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு கூடம் முழுக்க ஓடப்போவது நிச்சயம்!