சுழலும் மேசையில் மர எழுத்துகள்

சீன மொழியில் எழுத்துகள் ஆயிரக்கணக்கில். அச்சுக் கோப்பவர் ஒவ்வோர் எழுத்துக்கும் எழுந்து நடந்தால் வேலை ஓடுமா? சீனாவின் ஜிங்தே வட்டார அதிகாரி வாங் ஜென் இதற்கு ஒரு வழி கண்டார்.

எழுத்துகளை மரப்பலகையில் செதுக்கி, சிறு ரம்பத்தால் தனித்தனியே அறுத்து, கத்தியால் ஒரே அளவாகச் சீவச் செய்தார். அவற்றைச் சுழலும் இரண்டு வட்ட மேசைகளில் அடுக்கினார்கள். ஒருவர் பட்டியலைப் பார்த்து எழுத்தின் எண்ணைச் சொல்வார். இன்னொருவர், மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடியே, சுழற்றி எடுத்துக்கொள்வார். எவ்வளவு எளிய யோசனை!

1298இல், இந்த முறையில், 60,000 எழுத்துகளுக்கு மேல் நீண்ட வட்டார வரலாற்று நூல் ஒன்று, ஒரு மாதத்துக்குள் 100 படிகள் அச்சானது. ஐரோப்பாவில் குட்டன்பர்க் அச்சுக் கோத்தது, இதற்குச் சுமார் 150 ஆண்டுகள் கழித்துத்தான்.