பந்தைத் தொடாதவருக்குப் போட்டாபோட்டி

அமெரிக்கக் கால்பந்தில் பந்தையே தொடாமல் நட்சத்திரமாகலாம். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை எதிரணியினர் சாய்த்துவிடாமல் மறித்து நிற்கும் லைன்மேன்களுக்கு அவ்வளவு கிராக்கி. மெம்ஃபிஸ் நகரப் பள்ளி மாணவர் மைக்கேல் ஓஹருக்கு மலை போன்ற உடல். ஆனாலும் அசாத்திய வேகம். வறுமையில், வளர்ப்பு இல்லங்களில் அலைந்த அவரைத் தேடி 2004-ல் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் படையெடுத்தார்கள்.

மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தை ஓஹர் தேர்ந்தெடுத்தார். அடைக்கலம் தந்த தம்பதி படித்த இடம் அது. கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ விசாரித்தது. 2009-ல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரை எடுத்தது. அதே ஆண்டு அவரது கதை 'தி பிளைண்ட் சைட்' என்ற படமாகி வசூலை அள்ளியது.

படத்தோடு கதை முடியவில்லை. 2023-ல் ஓஹர் நீதிமன்றம் போனார். தன்னைத் தத்தெடுக்கவே இல்லை, 18 வயதில் தான் கையெழுத்திட்டது பாதுகாவலர் பத்திரம்தான் என்பது அவர் புகார். தம்பதி மறுத்தனர். அந்த ஆண்டே நீதிபதி பாதுகாவலர் ஏற்பாட்டை ரத்து செய்தார்.

2021 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே பணம் தரலாம். ஆக, 18 வயதுப் பையன்கள் முன் நீட்டப்படும் பத்திரங்கள் கூடியிருக்கின்றன. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது நல்லது.