அஞ்சு நிமிஷம் தானே!

ஆவணியில், நாத்தனாருக்கு கல்யாணம். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கலாம் என, மாமியார், நாத்தனார், சின்னவன் சகிதம், குரோம்பேட்டையிலிருந்து, தி.நகருக்கு காரில் கிளம்பினோம்.

உஸ்மான் சாலையில் நிற்கவே முடியவில்லை. பாண்டி பஜாரிலும் காலி இடமில்லை. தணிகாசலம் சாலையில் உள்ள, மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்கு போகலாம் என்றேன். 'அங்கேயிருந்து அம்மா எப்படி நடப்பாங்க?' என்றார், கணவர். முக்கால் மணி நேரம், சுற்றின இடத்தையே சுற்றினோம். சின்னவன், 'ஒண்ணுக்கு வருது' என அழ, கணவரின் கோபமெல்லாம் என் மேல் திரும்பியது.

கடைசியில், ஒரு சந்தில், வீட்டு கேட் முன் இடம் தெரிந்தது. 'இங்கு வாகனம் நிறுத்தாதீர்' என, போர்டும் இருந்தது. கணவர் தயங்கினார். 'அஞ்சு நிமிஷம் தானே... யாரு கேட்கப் போறா?' என்றது, சாட்சாத் நானே தான்!

புடவைக் கடையில், அஞ்சு நிமிஷம், இரண்டு மணி நேரமானது. திரும்பி வந்தால், வயதான அம்மா ஒருவர், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திட்டப் போகிறார் என பயந்தேன்.

'வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் பண்ற நாள்மா இன்னிக்கு. எங்க காரை வெளியில எடுக்க முடியல. ஆட்டோ உள்ளே வர வழியில்லாம, தெருக்கோடி வரைக்கும், பிள்ளை தாங்கிப் பிடிச்சு, நடத்திக் கூட்டிட்டுப் போனான். கண்ணாடில ஒரு போன் நம்பராவது எழுதி வெச்சிருக்கக் கூடாதா?' என்றார், மெதுவாக.

திட்டியிருந்தால் கூட, தேவலை. கையிலிருந்த பட்டுப்புடவை பை, கல்லாய் கனத்தது. மன்னிப்பு கேட்டு வந்தோம். வழியெல்லாம், காரில் யாரும் பேசவில்லை.

'நோ பார்க்கிங்'கில் நிறுத்தினால், முதல் முறை, 500 ரூபாய் அபராதம். அதைக் கட்டி விடலாம். அந்தப் பெரியவர் நடந்த நடைக்கு, எதைக் கட்டுவது?

அடுத்த வாரம், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க, நானும், நாத்தனாரும் மின்சார ரயிலில் போனோம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து, தி.நகர் பஸ் நிலையம் வரை, 2023ல் திறந்த, 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை இருக்கிறது. வெயில், நெரிசல் இல்லாமல், நிம்மதியாக வந்து சேர்ந்தோம். பெட்ரோலும் மிச்சம், கணவரின் முணுமுணுப்பும் மிச்சம்!

சகோதரிகளே... பெரியவர்களை அழைத்துப் போனால், கடை வாசலில் இறக்கி விட்டு, கார் மட்டும் நிறுத்துமிடத்துக்குப் போகட்டும். இந்த சின்ன யோசனை, அன்று எனக்குத் தோன்றவில்லை. முன் கண்ணாடியில், போன் நம்பர் எழுதிய சீட்டை வையுங்கள். அடுத்தவர் வாசலை மட்டும், ஒருபோதும் அடைக்காதீர்கள்.

நமக்கு அஞ்சு நிமிஷம். அந்த வீட்டில் இருப்பவருக்கு, அது உயிராக இருக்கலாம்!

— ஒரு வாசகி, குரோம்பேட்டை.